கடைசியாக வருகிறவன்

"இவனைத் தூக்கிப்போட்டு வேற ஆரையாவது எடு மோகன். எனக்குப் பொறுமை போயிட்டுது," என்று ரிஷிகேசன் போனில் கத்தினான்.

"ஆத்திரப்படாத மச்சான். பேரு குடுக்க ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் இருக்கு," என்றான் மோகனராஜ்.

இவன் என்றது ரஸீனை. பேராதனையில் ரிஷிகேசன், கம்பளையில் மோகனராஜ், அலவத்துகொடவில் ரஸீன். மூன்று பேரும் அவரவர் வீட்டிலிருந்தபடியே ஓர் அணியாகக் கொம்பியூட்டர் கேம் ஆடுகிறவர்கள். கல்யாணம் கட்டி, உத்தியோகம் பார்த்து, தலைமுடியும் கொட்டத் தொடங்கியாயிற்று. ஆனாலும் ஞாயிறு பின்னேரம் என்றால் மூவரும் சின்னப்பிள்ளைகள்தான். அடுத்த மாதம் ஒரு போட்டி. மோகன்தான் கெப்டன். பிந்தி வருகிற அணியைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்களாம்.

அந்த விளையாட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. உள்ளே வந்தவன் 'ரெடி' அழுத்தினால் அவன் பெயர் பச்சையாகும். மூன்று பெயரும் பச்சையானால்தான் ஆட்டம் தொடங்கும்.

ரிஷிகேசன் தன் கிழட்டுக் கொம்பியூட்டர்ப் பெட்டியோடு மல்லுக்கட்டி உள்ளே வர நாலு நிமிஷம் எடுக்கும். வந்து பார்த்தால் மோகனின் பெயர் பச்சை. ரஸீனின் பெயர் மட்டும் சிவப்பு. ரிஷிகேசன் ரெடி கொடுத்து அரை நிமிஷம் கழித்துத்தான் அவன் குரல் வரும்.

"கோவிச்சிக்காதீங்க மச்சான். பிளேன்டி ஒண்டு ஊத்தப் போனேன்."

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருஷமாக இதே பிளேன்டி, இதே வெறுந்தேநீர்ச் சாட்டு.

"உமக்கு ஒரு ஃபிளாஸ்க் வாங்கி அனுப்பிறன். பக்கத்தில வச்சுக்கொண்டு இரும்," என்று ரிஷிகேசன் ஏசுவான்.

"அனுப்புங்க மச்சான், பெரிசாப் பார்த்து," என்று ரஸீன் சிரிப்பான். மோகன் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவான்.

"உங்கட பெட்டியும் ஆமை மாதிரித்தானே ஊருது," என்பாள் மனைவி தர்சிகா. "எட்டு வருஷமாச்சு. புதுசு ஒண்டு வாங்குங்கோவன்."

"இது காணும், வேற தேவையில்லை. இதை வச்சே நான் ரஸீனை முந்திறன்."

அப்படிப் பெருமையடித்த கிழமையே பெட்டி கரைச்சல் கொடுக்கத் தொடங்கியது. போட்டால் வராது, வந்தால் பாதியில் நிற்கும். புதுசு வாங்குவதா, இதையே திருத்துவதா என்று ரிஷிகேசன் இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தான். புதுசின் விலை கட்டுப்படியாகவில்லை. எட்டு வருஷம் உழைத்ததைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு கண்டி டவுணில் கொம்பியூட்டர் திருத்துகிற ஷஹ்மாவின் கடைக்குப் போனான். புதுசும் விற்கிற கடை. ஒன்றைத் தலையில் கட்டிவிடுவாள் என்று பயந்துகொண்டேதான் போனான்.

ஷஹ்மா பெட்டியைக் கழற்றி, தூசு தட்டி, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"புதுசு தேவல்ல சேர். மத்தது எல்லாம் நல்லா வேல செய்யுது. டிஸ்க் மட்டும்தான் பழசு. அத மாத்தினா இன்னும் மூணு வருஷம் ஓடும்."

மாற்றிக் கொடுத்தாள். ஞாயிறு பின்னேரம் ரிஷிகேசன் இருபது செக்கனில் உள்ளே நின்றான். ரெடி அழுத்தினான். கையை எடுக்கமுன் ரஸீனின் பெயரும் பச்சையாகிவிட்டது. அடுத்த ஆட்டமும் அப்படியே. ஆறு ஆட்டம் ஆடினார்கள். ரஸீன் ஒரு தடவைகூடத் தேநீர் ஊற்றக் குசினிப் பக்கம் போகவில்லை.

ரிஷிகேசனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. புதுசை விற்க வழியிருந்தும் விற்காத ஷஹ்மாவுக்குப் போன் எடுத்து நன்றி சொன்னான். பெட்டியைத் துணியால் துடைத்து அதற்கும் வாய்விட்டு நன்றி சொன்னான். பக்கத்தில் நின்ற தர்சிகாவுக்கும் சொன்னான்.

"எனக்கெதுக்கு? நான் புதுசு வாங்கவெல்லோ சொன்னனான்," என்றாள் அவள்.

"பரவாயில்லை. இவ்வளவு நாளும் பொறுத்ததுக்கு."

பிறகு மோகனை அழைத்தான்.

"ரஸீன்ட பேரையும் குடு மச்சான். நான் ஏசின ஏச்சில ஆள் திருந்திட்டான், பாத்தியே. அவசரப்படாம இருந்ததுக்கு உனக்கும் நன்றி. இண்டைக்கு ஒருத்தரையும் விடாம எல்லாருக்கும் சொல்லிட்டன்."

"ரஸீனுக்குச் சொன்னியா?"

"அவனுக்கு என்னத்துக்கு? திருத்தினதுக்கு அவனெல்லோ எனக்குச் சொல்லவேணும்."

மோகன் குரலைத் தாழ்த்தினான்.

"சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கியிருந்தான். பரவாயில்ல, சொல்லிடுறேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்தி, ஒன் பெட்டியாலதான் லேட்டாகுதுன்னு ஒன்னைய நிப்பாட்டிட்டு வேற ஆள் எடுக்கப் பாத்தேன். ரஸீன்தான் விடல. 'தன்னாலதான் லேட்டுன்னு தெரிஞ்சா ரிஷி தானாவே வெலகிருவாரு. கடைசியா வாறவன் நானா இருந்துக்கிறேன்'னு சொன்னான். நீ உள்ள வர்ற வரைக்கும் மவுஸ்ல கைய வச்சுக்கிட்டு அங்கனயேதான் இருப்பான். அவன் டீ குடிக்கிறதே இல்ல மச்சான்."