ஒன்பது சனிக்கிழமை

மாடிப்படிக்குக் கீழே ஆறு சைக்கிள்கள் நின்றன. என் வீட்டுக்காரருடையது இல்லை.

இருக்காது என்று எனக்கே தெரியும். மணி மூன்றுதான். லேத் பட்டறையில் சனிக்கிழமை ஐந்து மணிக்குத்தான் வாரச் சம்பளம் கொடுப்பார்கள். ஆனாலும் சீட்டில் பச்சைத் துணி சுற்றிய சைக்கிளைக் கண் தானாகத் தேடியது.

மேலே சீட்டாடும் அறை. கீழே, படியை ஒட்டினாற்போல் கரண்ட் பில் கட்டும் கடை. எந்தப் புண்ணியவான் யோசித்துக் கட்டினானோ இந்தக் கட்டடத்தை.

மகளை வாசல் பெஞ்சில் உட்கார வைத்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர்.

கரண்ட் கணக்கை நான் வீட்டிலேயே போட்டுவிடுவேன். மீட்டர் பார்க்க வருகிறவர் அட்டையில் எண்ணை மட்டும் கிறுக்கிவிட்டுப் போவார். இந்தத் தடவை ஆயிரத்து அறுநூற்று நாற்பது. கடையிலும் அதேதான் வரும். ஒரு காசு கூடாது, குறையாது.

அதை அந்த அளவுக்கு இறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாடகை ஏறியதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு அறையில்தான் விளக்கு. இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போயிற்று. சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால் கோடு விழாமலா போகும்? பால் பாதியாயிற்று. பற்பசையைக் கத்தரிக்கோலால் வெட்டி வழித்தோம். எண்ணெய், ஷாம்பு, பாத்திரம் தேய்க்கிற சோப்பு எல்லாம் கடைசிச் சொட்டுக்காகக் கவிழ்ந்து நின்றன.

"நம்ம வீட்ல எல்லாமே தலைகீழாத்தான் நிக்குது" என்று மகள் சிரித்தாள்.

இதெல்லாம் எனக்குப் பெரிய கஷ்டமே இல்லை.

ஓவர்டைம் ஏதாவது உண்டா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரிடம் கேட்பேன். இல்லை என்பார். ஒன்பது வாரமாக அதே இல்லை. போன வாரம் காய்கறிக் கடையில், அவருடன் வேலை பார்க்கிறவரின் மனைவி அலுத்துக்கொண்டாள். இரண்டு மாதமாகப் பட்டறையில் எல்லாருக்கும் ஓவர்டைமாம். வாரத்துக்கு ஐந்நூறு கூட வருகிறதாம், ஆனால் தன் வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டதாம்.

நான் பொறுக்கிய தக்காளியை எல்லாம் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமைகளில் மட்டும் அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் என் வளையல்கள் இதே மாடியில்தான் போயின. அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. இன்னொரு தடவை சீட்டைத் தொட்டால் நான் உங்களோடு இருக்க மாட்டேன் என்றேன், அவ்வளவுதான். அவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

என் முறை வந்தது. அட்டையையும் பணத்தையும் நீட்டினேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். பணத்தை என் பக்கமே தள்ளினாள்.

"கட்ட ஒண்ணும் இல்லக்கா. இந்த பில் போக இன்னும் ரெண்டாயிரத்து எண்ணூத்தி அறுபது உங்க கணக்குல நிக்குது. பச்சைத் துணி சுத்தின சைக்கிள்ல வருவாரே அண்ணன், அவர்தான் வாராவாரம் ஐந்நூறு கட்டிட்டுப் போறாரு."

திரையை என் பக்கம் திருப்பினாள். ஒன்பது வரி. ஒன்பதும் சனிக்கிழமை, ஐந்தரை மணி வாக்கில்.

எதுக்கு என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன்க்கா. கையில இருந்தா கால் மாடிக்குப் போயிடும்மா, இங்க கட்டிட்டா திருப்பி வாங்க முடியாதுல்லன்னாரு. முடியாதுன்னு சொன்னேன். ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் கட்டினாரு."

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல அவ்வளவு நிம்மதியாக இருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம் இந்த மனிதர். ஆனால் மாடி இன்னும் கூப்பிடுகிறது என்று என்னிடம் எந்த வாயால் சொல்வார்? பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். பணத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மகள் பெஞ்சிலிருந்து குதித்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சாம்மா? பெரியம்மா வீட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிடுமா?"

"பெரியம்மா வீட்டுக்கு இல்லடி. நம்ம வீட்டுக்குத்தான்."

அவளிடமிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அதில் புத்தகம் ஒன்றுகூட இல்லை. அவளுடைய உடுப்பு நாலு, என்னுடையது நாலு. விட்டுப் போகிறவள் எவளாவது கரண்ட் பில்லைக் கட்டிவிட்டுப் போவாளா என்று அக்கா என்னைக் கேட்டிருப்பாள். அந்த மனிதரை இருட்டில் உட்கார வைத்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

சமையலறையில் டீத்தூள் டப்பாவுக்கு அடியில் ஒரு கடிதம் இருந்தது. புதுத் தாளை வீணாக்காமல் பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதியது. அவர் வருவதற்குள் அதைக் கிழித்துப் போட வேண்டும்.

நேரம் நிறைய இருந்தது. சனிக்கிழமை. எப்படியும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வருவார்.