பதினொரு அழைப்புகள்

கூட்டத்தில் ஐந்து பேர். மேலாளர் மேடமும் மூன்று அதிகாரிகளும் சென்னையிலிருந்து சுவர்த்திரையில் அமர்ந்திருந்தார்கள். கோவை ஆலையின் நீண்ட மேசையில் நான் ஒருவன்.

பேச்சு ஒரு புது மென்பொருளைப் பற்றி: அதைப் பொருத்தினால், பம்பு தன் பிறப்பு முதல் பழுதுவரை எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் தானே சொல்லிவிடும். அதை ஏன் வாங்க வேண்டும் என்ற அறிக்கையை நான்தான் எழுத வேண்டும்.

கைப்பேசி அடித்தது. மெக்கானிக் நஞ்சப்பன்.

“ஏனுங்ணா, பழைய ஏழாம் நம்பர் பம்புக்கு எந்த வாசருங்?”

“செம்புடா. ரப்பரைப் போட்டுட்டு, தண்ணி பீச்சி மறுபடி குளிச்சு நிக்காதே.”

சிரித்தான். “சாப்டாச்சுங்ளாண்ணா?”

நஞ்சப்பனைப் போன்ற மெக்கானிக்குகளைத் தவிர யாரும் என்னை அழைப்பதில்லை.

“இப்படித் தினம் எத்தனை, சார்?” என்றார் மேடம்.

“பதினொண்ணு, மேடம்.”

“அதை எழுதுங்க. அதான் பலன்.”

‘நாளொன்றுக்குப் பதினொரு அழைப்புகள் மிச்சமாகும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். உறையை ஒட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.