பரப்பு மாறாத அக்கா

கரும்பலகை ஒன்றில் பெரிய கலப்பெண் அணியை, அதாவது எண்கள் வரிசை வரிசையாக நிற்கும் கட்டத்தை, இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தார்களாம். முதலாவது சிம்ப்ளெக்டிக் அணி, இரண்டு திசையன்கள் சேர்ந்து அடைக்கும் பரப்பை மாற்றாமல் திருப்புகிற அக்கா. அடுத்தது, நீட்டிச் சுருக்குகிற தம்பி. இருவரையும் பெருக்கினால் பழைய அணி வரவேண்டும். வராவிட்டால் டஸ்டர் துடைத்துவிடும்.

"எந்தத் திசையன் ஜோடியோட பரப்பும் என்னால இம்மி மாறினதில்லை. கெடுக்கிறதெல்லாம் நீதான்," என்று அக்கா ஓயாமல் சொல்லிக்காட்டுவாள்.

தம்பிக்குச் சலித்துப்போயிற்று. மூலைவிட்டத்தில் ஒன்றுகளும் மற்ற இடமெல்லாம் பூஜ்ஜியமும் போட்டுக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல் படுத்துவிட்டான்.

அக்கா சுற்றிச் சுற்றித் திருப்பினாள். பழைய அணி வரவில்லை. டஸ்டர் இறங்கியது.

"தம்பி, கொஞ்சம் நீட்டேன்டா."

"பரப்பு மாறிடுமேக்கா, பரவாயில்லையா?"

"சீக்கிரம்டா."

தம்பி முனகிக்கொண்டே எழுந்து நீட்டினான். விடை சரியாக வந்தது. டஸ்டர் திரும்பிப் போயிற்று.

"பார்த்தியா," என்றாள் அக்கா, "இப்பவும் என்னால மாறலை."