முன் சக்கரத்துச் செம்மண்

எங்கள் சைக்கிள் கிளப் பந்தயத்தில் மெதுவானவர்களை முதலில் கிளப்பிவிடுவார்கள். போன வருடம் முதலில் கிளம்பிக் கடைசியாக வந்து சேர்ந்தவன் நான். அதனால் ஆஸ்திரேலியாவின் இந்த ஜூலைக் குளிரில் பாலரட் ஊரே போர்வைக்குள் கிடக்க, நான் மட்டும் விடியற்காலையில் கராஜில் சைக்கிள் மிதித்தேன். பின் சக்கரம் ஸ்டாண்டின் உருளை மேல் சுழலும். முன் சக்கரம் அசையாது.

மனைவி பிரான்வினுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. அவள் வரும்வரை, இன்னும் தவழக்கூடத் தெரியாத குழந்தை எடித்தைத் தனியே விட்டு நான் வெளியே போகக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒரு காலை அவள் முன் டயரைத் தொட்டாள். ஈரச் செம்மண்.

"கொழந்தைய விட்டுட்டு ரோட்டுக்குப் போனியா, லாக்லன்?"

"போயிருந்தா மூஞ்சியெல்லாம் சேறு தெறிச்சு, கண்ணாடி போட்ட எடம் மட்டும் வெளுத்து, ஆந்தை மாதிரி இருக்க மாட்டேனா?"

"கழுவியிருப்ப. நீ வேகமாச் செய்யறது அது ஒண்ணுதான்."

மறுநாளும் மண் இருந்தது. இன்னொரு முறை பார்த்தால் குழந்தையோடு அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். அன்று மாலை முன் சக்கரத்தைக் கழற்றி அலமாரியில் பூட்டி, சாவியோடு வேலைக்குப் போனாள். நான் சைக்கிளின் முன்பக்கத்தைச் செங்கல் மேல் நிறுத்தி மிதித்தேன்.

காலையில் வந்து அலமாரியைத் திறந்தாள். சக்கரத்திலிருந்து சேறு சொட்டியது.

"பாத்தியா, நான் இல்ல" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் அறைக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன்.

எடித் தொட்டிலில் விழித்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் செம்மண் தெறித்திருந்தது. கண்களைச் சுற்றி மட்டும் சுத்தமாக இருந்தது.