ஆறாவது போட்டோ

சுவரில் ஆறாவதாக அவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

மாலையோடு.

அட, முடி எவ்வளவு இருந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

அதற்கப்புறம்தான் திக்கென்றது.

சங்ககிரி. மூன்று கிளி லாரி சர்வீஸ். முப்பத்து நான்கு வருடம் கழித்து, மகள் கல்யாணப் பத்திரிகையைப் பழைய முதலாளிக்குக் கொடுக்கலாமென்று சூரத்திலிருந்து வந்திருந்தார். ஒரு காலத்தில் அறுபது லாரி ஓடிய கம்பெனி. இப்போது வாசலில் இரண்டு நின்றன. கதவில் வரைந்த மூன்று கிளிகளில் ஒன்று அப்போதே காக்காய் மாதிரிதான் இருக்கும். அந்தக் காக்காய் மட்டும் மங்காமல் இருந்தது.

ஆபீசுக்குள் ஆள் இல்லை. சுவர்தான் வரவேற்றது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஓட்டப் போன இடத்தில் உயிரை விட்ட டிரைவர்களின் போட்டோவை முருகன் படத்துக்குக் கீழே வரிசையாக மாட்டிவிடுவார்கள். லோடு எடுக்கிறவன் அவர்களைக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். அவரும் கும்பிட்டிருக்கிறார். அப்போது ஐந்து பேர்.

ஆறாவதின் கீழே வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது.

ஆ. செங்கோடன், டிரைவர். நாக்பூர் அருகே வண்டியோடு எரிந்து மறைவு. 14.3.1991.

இனிஷியல்கூட சரியாக இருந்தது.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சர்க்கரை மாத்திரை இருந்தது. செத்து முப்பத்து நான்கு வருடமாகிறது, இன்னும் இனிப்பு சாப்பிட விடமாட்டேன் என்கிறார்கள்.

சிரிப்புக்கூட வந்தது.

பிறகு தேதியை மறுபடி படித்தார்.

பதினான்கு.

பன்னிரண்டாம் தேதி கிருஷ்ணகிரி பெட்ரோல் பங்க்கில் அவர் அந்த வண்டியை விட்டு இறங்கியிருந்தார். சூரத்தில் ஒரு சேட்டு புது வண்டி தருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். லோடை நடுவழியில் அப்படியே விட்டுப் போக மனசு வரவில்லை. அதனால் தன் இடத்தில் கூட்டாளி டிரைவர் அர்ச்சுனனை ஏற்றிவிட்டார்.

அர்ச்சுனன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து, மூன்று நாளாகப் பங்க்கில் படுத்துக் கிடந்தான். பெண்டாட்டி பாவாயி கையால் இனி ஒரு வாய் சோறு தின்ன மாட்டேன் என்று வருகிற லாரிக்காரனிடமெல்லாம் சத்தியம் செய்துகொண்டிருந்தான். ஸ்டீயரிங் கிடைத்ததும் ஒரே தாவு.

கிளீனர் இல்லாத ட்ரிப். ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அப்போது எல்லோரும் அப்படித்தான் மாறிக்கொள்வார்கள்.

ட்ரிப் ஷீட்டில் செங்கோடன் என்று இருந்தது. கம்பெனியைப் பொறுத்தவரை ஷீட்டில் இருக்கிறவன்தான் டிரைவர். அடையாளம் தெரியாமல் எரிந்திருந்தால் சந்தேகமே இல்லை.

சூரத் போனதும் ஆபீசுக்கு ஒரு கடுதாசி போட வேண்டும் என்று நினைத்தார்.

முப்பத்து நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஆரைப் பாக்கோணும்?"

வாசலில் ஒரு அம்மா. கையில் விளக்குமாறு. இன்னொரு கையில் இலையில் சுற்றிய செவ்வந்தி மாலை. நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம்.

"மொதலாளி சேலம் போயிருக்கறாரு. இப்ப வந்துருவாரு, உக்காருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியது. ஆறாவது போட்டோவின் வாடிய மாலையைக் கழற்றியது. மற்ற ஐந்து பேரும் பிளாஸ்டிக் மாலையில் இருந்தார்கள்.

"இவருக்கு மட்டும் நிசப் பூவா?"

அவர் கேட்கவில்லை. வாய் அதுவாகக் கேட்டது.

"இவரு எங்கூட்டுக்காரருக்குச் சேக்காளிங்க. சாகறப்ப சொந்தம்னு ஆருமில்லை. எங்கூட்டுக்காரரு ஒரு சண்டையில கோவிச்சுக்கிட்டுப் போனவரு, இன்னும் வரலீங்க. நாளைக்கு வந்து நின்னு, ஏண்டி பாவாயி, எஞ்சேக்காளிக்கு ஒரு பூப் போடக்கூட உனக்குத் துப்பில்லியான்னு கேட்டா, நா எந்த மூஞ்சிய வெச்சுக்கறது?"

பத்திரிகை அவர் கையிலிருந்து விழுந்தது.

அர்ச்சுனன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான்.

அந்தம்மா இறங்கி வந்து பத்திரிகையை எடுத்தது. மஞ்சள் தடவிய மூலையைப் பார்த்து, நல்ல காரியந்தான் என்று முணுமுணுத்தது. விரலை வைத்து எழுத்துக்கூட்டியது.

ஆ. செங்... கோடன்.

விரல் நின்றது.

போட்டோவைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. மறுபடி போட்டோ. அவருடைய மோவாயில் இருந்த மச்சத்தில் வந்து கண் நிலைத்தது.

"சாமீ..."

அந்தம்மாவுக்கும் உட்கார ஏதாவது தேவைப்பட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தது. பிறகு, அவர் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று அந்த முகத்தில் நடந்தது.

வெளிச்சம் வந்தது.

"அண்ணா! எரிஞ்சு போனவரே திரும்பி வந்துட்டீங்க. எங்கூட்டுக்காரரு கோவிச்சுக்கிட்டுத்தானே போனாரு?"

கிருஷ்ணகிரி என்று ஆரம்பிக்க வேண்டும்.

வாயைத் திறந்தார்.

அதற்குள் அந்தம்மா சின்னப் பெண் மாதிரி ஸ்டூலில் ஏறிவிட்டது. போட்டோவைக் கழற்றி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, அவர் மடியில் கொண்டுவந்து வைத்தது.

சுவரில் போட்டோ இருந்த இடம் மட்டும் புதிதாகத் தெரிந்தது. ஒரு சதுரம். நடுவில் ஆணி. நல்ல கனமான ஆணி, ஆடவில்லை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா செவ்வந்தி மாலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"இத இனி என்னங்ணா பண்றது?"