கடைசியாக வருபவர்

இருந்தவர்கள்: பங்காரம்மா, நஞ்சுண்டன், நைட் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாத வாட்ச்மேன் நான். மில்லை நாளை இடிக்கிறார்கள்.

எண்பதுகளில் தொழிலாளர்கள் இந்த மில்லைக் கைப்பற்றி உள்ளேயே இருந்தார்கள். கடைசியாக உள்ளே வருபவர்தான் கதவுக்குத் தாழ் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. பேச்சுவார்த்தைக்கு வெளியே போன பங்காரம்மாவின் கணவர் திரும்பவில்லை. வருடாவருடம் அந்த நாளில் பங்காரம்மாவும், அன்று உள்ளே உடனிருந்த நஞ்சுண்டனும் வருகிறார்கள்.

“தாழ் போட்டுராதீங்க. அவரு வரோணும்,” என்றார் பங்காரம்மா.

“இன்னைக்காச்சும் வந்தா, இத்தன வருச டீச்செலவு அவருதுங்கக்கா,” என்றார் நஞ்சுண்டன்.

பிளாஸ்க்கைத் திறந்து, பழைய போராட்டப் பாட்டைப் பாடினார்கள். பாதியில் கதவு திறந்தது. வெளியே வெயில் மட்டும் இருந்தது. பாட்டை நிறுத்தாமல், பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டார்கள்.

கதவு மூடியது. துருவேறி அசையாமல் கிடந்த உள்தாழ் மெல்ல நகர்ந்து விழுந்தது.