நாற்பதில் நின்ற முள்

"மூக்கை இறக்காத, கையை எடு" என்று துணை விமானி முகுந்தனின் கையைத் தட்டிவிட்டாள் கேப்டன் ஜெசிந்தா. கீழே மலை. தரையை விட்டு எழும்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் வேகம் காட்டும் இரண்டு முள்ளும் சரிந்து நாற்பதில் நின்றுவிட்டன.

"வேகமே இல்ல மேடம். மூக்கை இறக்கி வேகம் பிடிக்கலன்னா விழுந்துருவோம்."

"நாற்பதுல என் ஸ்கூட்டி போகும். நிஜமாவே நாற்பதுன்னா இந்நேரம் மலைமேல கிடந்திருப்போம். முள்ளை விடு. மூக்கோட சாய்வு எவ்வளவு, இன்ஜின் இழுப்பு எவ்வளவு, அதை மட்டும் படிச்சிட்டே வா."

அவன் ஒவ்வொன்றாகப் படித்தான். அந்த இரண்டு எண்களை மட்டும் நம்பி அவள் விமானத்தைக் கிளம்பிய இடத்துக்கே வளைத்துத் திருப்பினாள். பதினோராவது நிமிடம் சக்கரங்கள் ஓடுபாதையில் பூப்போல உட்கார்ந்தன. பயணிகளின் கைதட்டல் மூடிய கதவைத் தாண்டி வந்தது.

"ஸ்கூட்டியை மட்டும் வித்துராதீங்க மேடம்" என்றான் முகுந்தன்.

அவள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். விமானத்தின் முகத்தில் துருத்தி நின்ற, காற்றை வாங்கி வேகம் சொல்லும் விரல் தடிமன் குழாயை மெக்கானிக் கம்பியால் குடைந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து விழுந்ததை அவள் முன் உள்ளங்கையில் நீட்டினார். காற்றில் பெயர்ந்து துளையை அடைத்திருந்த, மண்ணால் கட்டிய குளவிக்கூடு. இன்னொரு குழாயிலும் ஒன்று இருந்தது.